பச்சைத் துண்டு, மஞ்சப் பை, ஒரு தீப்பெட்டி

போன சித்திரையில் எங்கள் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். நான் வரப்பில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு நிலத்திலும் அந்த வேலைதான் ஒழுங்காக வருகிறது. பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்து, "சார், உங்க கொல்லையில கடலையோட துணியும் சேந்து காய்ச்சிருக்கு பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் போய் வாங்கிப் பார்த்தேன்.

காய்களுக்கு நடுவில், வேரோடு பின்னிக்கொண்டு, பச்சை நிறத்தில் சல்லடை மாதிரி ஒரு கிழிசல். விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஒரு கிழிசலில் மட்டும் வெள்ளை மையில் அச்சடித்த எழுத்து மிச்சம் இருந்தது. "உழ" என்ற இரண்டு எழுத்து. மீதி எழுத்து என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையை அச்சடிக்கக் கொடுத்தவனே நான்தான்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதம் நம் இயக்கத்தின் வட்டாரக் கூட்டம் திருத்தணியில் நடந்தது. வங்கிக்காரன் என்பதால் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பச்சைத் துண்டு, ஒரு துணிப்பை. 200 பேருக்கு. நான் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு, துண்டு 45 ரூபாய், பை 9 ரூபாய் என்று முடித்தேன். மொத்தம் 10,800. இவ்வளவு மலிவாக முடித்ததற்குக் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன்.

மீந்துபோன முப்பது நாற்பது பை வீட்டில் கிடந்தது. காய்கறி போட, விதை கட்ட என்று எடுத்தோம். கிழிந்ததை என்ன செய்வது? துணிதானே, மக்கிவிடும் என்று எருக்குழியில் போட்டேன். குழியில் சாணம், இலைதழை எல்லாம் நன்றாக மக்கியது. மார்கழியில் அள்ளிக் கொட்டி, ரோட்டவேட்டர் விட்டு ஓட்டி, கடலை போட்டோம். ரோட்டவேட்டர் அந்தப் பைகளைக் கைக்குட்டை அளவுக்கு நறுக்கி முக்கால் ஏக்கர் முழுக்கச் சீராகப் பரப்பியிருக்கிறது. பூச்சிமருந்து ஒரு சொட்டு விழக்கூடாது என்று பக்கத்து நிலத்துக்காரரோடு மல்லுக்கு நின்ற அதே மண்ணில், நானே என் கையால் பிளாஸ்டிக் தூவியிருக்கிறேன்.

துணி மாதிரி இருப்பதெல்லாம் துணி அல்ல

அந்தப் பைக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நான்-ஓவன் பை. நெய்யாத துணி என்று அர்த்தம். நெய்யாமல் எப்படித் துணி வரும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாக இழுத்து, இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி, சூட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டவைப்பது. அவ்வளவுதான். பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும், அதுதான் அடையாளம். வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் பொரிந்து பொடியாகும். பொடியானால் மக்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள 14 பொருட்களில் இந்த நான்-ஓவன் பையும் ஒன்று. சட்டப்படி தடை செய்த பொருளை, இயற்கை உழவர் கூட்டத்துக்கு, இயக்கத்தின் பெயரை அச்சடித்து வாங்கி வந்திருக்கிறேன். வங்கியில் இருந்திருந்தால் ஆடிட்டர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

பையைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு துண்டைப் பற்றிச் சந்தேகம் வராமல் இருக்குமா? பீரோவில் இருந்த பச்சைத் துண்டை எடுத்தேன். கூட்டத்தன்று போட்டதோடு சரி. அப்புறம் போடாததற்குக் காரணம் அது வேர்வையைத் துடைக்காது, தள்ளிவிடும். மழுமழுவென்று தோளில் நிற்காமல் வழுக்கும். ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாகக் கடுகு மாதிரி உருண்டை நின்றது. ஆறியதும் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. சுத்தமான பாலியஸ்டர். பாலியஸ்டர் எங்கிருந்து வருகிறது என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யூரியாவுக்கு மூலப்பொருள் எந்தக் குழாயிலிருந்து வருகிறதோ அதற்குச் சொந்தக்காரக் குழாய்தான்.

பச்சைத் துண்டு என்பது நமக்கு வெறும் துணி இல்லை. கர்நாடகத்தில் ராஜ்ய ரைத்த சங்கத்துக்காரர்களின் பச்சைத் துண்டைப் பார்த்தாலே தாலுகா ஆபீசில் நாற்காலி போடுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கேயும் தோளில் பச்சைத் துண்டு இருந்தால் இவர் உழவர் என்று யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். அப்படி ஒரு அடையாளத்தை நாம் பெட்ரோலில் செய்து போட்டுக்கொண்டு, பருத்தி விவசாயிக்கு விலை கிடைக்கவில்லை என்று மேடையில் பேசுகிறோம். நான் பேசியிருக்கிறேன்.

தீக்குச்சிச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே ஒரு நூல் போதும். இடுக்கியில் பிடித்து, வைக்கோல் பக்கம் இல்லாமல், கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஊதினால் பறக்கும். பட்டும் கம்பளியும் முடி கருகின வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பாதி சாம்பல், பாதி உருண்டை என்றால் இரண்டும் கலந்த நூல். கடைக்காரர் அதைப் பெரும்பாலும் காட்டன் என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். கடைக்குள்ளேயே குச்சியைக் கிழிக்காதீர்கள். நான் அப்படிக் கிழித்து, "சார், வியாபாரம் பண்ற இடத்துல கொள்ளி வெக்கிறீங்களே" என்று பேச்சு வாங்கினேன். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மேலே மாட்டிக்கொள்வதன் கணக்கு

அதற்குப் பிறகு உடம்பில் மாட்டுகிற, கையில் பிடிக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக் கணக்குப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் அம்மா சலித்துக்கொள்கிறார். (என் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவது, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து.)

கணக்கு ரொம்ப எளிது. வங்கியில் தேய்மானம் போடுவோமே, அதுதான். விலையை, பொருள் உழைத்த நாளால் வகுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 150 ரூபாய்க்கு வாங்கிய பெல்ட் எட்டு மாதத்தில் தோல் உரிந்தது. நாளொன்றுக்கு 60 காசுக்கு மேல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய தோல் பெல்ட் இன்னும் இருக்கிறது. ஓட்டை மட்டும் இரண்டு கூடியிருக்கிறது, அது பெல்ட்டின் குற்றமில்லை. அதன் நாள் கணக்கு ஒரு காசுக்கும் கீழே போய்விட்டது. மலிவான பொருளைத்தான் நாம் அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். இது தெரியாமலா இத்தனை பேருக்குக் கடன் கொடுத்தேன் என்று தோன்றும்.

கைக்கடிகாரமும் அப்படித்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. கையால் சாவி கொடுப்பது. பெங்களூரில் 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. 2016-ல் அரசு மூட முடிவு செய்துவிட்டது. கம்பெனி போய்விட்டது, கடிகாரம் ஓடுகிறது. பேட்டரி கிடையாது என்பதால் தூக்கி எறிய ஒன்றும் இல்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், அதற்கு எங்கள் ஊரில் இன்னும் ஒருவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பிறகு யார் என்பதுதான் கவலை. பழுது பார்க்கிற ஆள் இருக்கிற பொருளை வாங்க வேண்டும். செருப்புத் தைப்பவர், குடை கட்டுபவர், பைக்கு ஜிப்பு மாற்றுபவர் இவர்கள் உட்காரும் நிழல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில் குப்பை குறைவு. கடையில் பை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது தையலை. ஊசி ஏறுகிற பொருளா, ஒட்டியிருக்கிற பொருளா? ஒட்டியது பிய்ந்தால் அதோடு முடிந்தது.

தோல் என்று சொன்னதும் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பீர்கள். நியாயம் உண்டு. பக்கத்து மாவட்டம் ராணிப்பேட்டை. அங்கேயும் வாணியம்பாடி, ஆம்பூரிலும் தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் மாதம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், ஆபத்து இருக்கிறது என்றால் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். பாலாற்றங்கரை விவசாயி பட்ட பாட்டில் கிடைத்த சட்டம் அது.

குரோமியம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும். ஆவாரை எங்கே இருக்கிறது? நம் வரப்பில், ஏரிக்கரையில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சளாய்ப் பூத்துக்கொண்டு. பட்டையில் ஊறவைக்க வாரக்கணக்கில் ஆகும், குரோமியத்தில் வேலை சீக்கிரம் முடியும். வேகம்தான் ஜெயித்தது. பட்டையில் பதனிட்ட தோல் இப்போதும் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். தோலே வேண்டாம் என்கிறவர்கள், "சைவத் தோல்" என்று சொல்லி விற்கிறார்களே, அதை வாங்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெரும்பாலும் அது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். நாம் ரெக்சின் என்று சொன்னதற்குப் புதுப் பெயர். சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் அப்படி ஒரு கைப்பை 2,400 ரூபாய்க்கு வாங்கினாள். இரண்டாவது மழைக்காலத்தில் பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிந்தது. தோளெல்லாம் கறுப்புச் செதில். "அப்பா, நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

தோலும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது டயர் செருப்பு. ஓடித் தேய்ந்த லாரி டயரில் வெட்டியது. முள் ஏறாது, சேற்றில் ஊறாது. எங்கள் அப்பா ஒரு ஜோடியில் ஏழெட்டு வருஷம் ஓட்டினார். சத்தம்தான் கொஞ்சம் அதிகம், அவர் வருவது தெருமுனையிலேயே தெரியும்.

மஞ்சப் பைக்காரன்

பை விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலம் மஞ்சப் பையில்தான் வரும். தேங்காய், வெற்றிலை பாக்கு, பையின் மேல் மாப்பிள்ளை பெண் பெயர். 1960-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. அதனால் சில வீட்டுப் பையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு இருக்கும். அந்தப் பைதான் அப்புறம் வீட்டுக்குக் கஜானா. பட்டா, சிட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குள். கடன் கேட்டு வங்கிக்கு வருகிற விவசாயி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். ரெக்சின் பை வைத்திருப்பவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் யாரை முதலில் கவனித்தேன் என்று கேட்காதீர்கள். மஞ்சப் பைக்காரன் என்றால் விவரமில்லாதவன் என்று சினிமா சிரிக்கவைத்தது, நாங்கள் கவுண்டருக்கு உள்ளே இருந்து அதை நடத்திக் காட்டினோம். வாங்கின கடனைத் திருப்பிக் கட்டியதில் எந்தப் பைக்காரர் ஒழுங்கு என்று என் அனுபவத்தில் எனக்குத் தெரியும். வாராக்கடன் பட்டியலில் நான் பார்த்த பெயர்கள் பெரும்பாலும் ரெக்சின் பைக்காரர்கள்.

2021 டிசம்பர் 23-ஆம் தேதி தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப் பை கொடுக்கும் எந்திரம்கூட வைத்தார்கள். கேலிப் பொருளாக இருந்த பைக்கு மரியாதை திரும்பியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பத்து ரூபாய்க்கு ஒரு பை, இருபது ரூபாய்க்கு இன்னொரு பை என்று போகிற வருகிற இடமெல்லாம் வாங்கி வீட்டில் ஐம்பது சேர்ந்தால்? கூட்டத்துக்குக் கூட்டம் இலவசமாகக் கொடுத்தால்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது மகள்தான். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகப் பருத்திப் பை வாங்கப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை அனுப்பினாள். படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. கடையில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், பருவநிலைக் கேடு என்ற ஒரு கணக்கில் மட்டும் சாதாரணப் பருத்திப் பையை 52 தடவை பயன்படுத்தினால்தான் சமமாகுமாம். இயற்கைப் பருத்திப் பையை 149 தடவை. எல்லா வகைக் கேட்டையும் சேர்த்தால் சாதாரணப் பருத்திக்கு 7,100 தடவை, இயற்கைப் பருத்திக்கு 20,000 தடவை. இயற்கைப் பருத்திக்கு அதிகமா! தினம் ஒருமுறை எடுத்தாலும் 20,000 என்பது ஐம்பத்து நாலு வருஷத்துக்கு மேல்.

கோபம் ஆறியபின் இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்த 20,000 என்பது ஓசோன் படலப் பாதிப்பு என்ற ஒரே தலைப்பால் வருவது. இயற்கைப் பருத்திக்கு எண் கூடியதற்குக் காரணம், அதில் விளைச்சல் குறைவு என்று எடுத்துக்கொண்டது. பாசனத்துக்கு மின்சாரம் எரிக்கும் பருத்தி வேறு, மானாவாரியில் நிற்கும் நம் கருங்கண்ணி வேறு. அது எந்தப் பட்டியலில் வரும்? முக்கியமாக, தெருவில் எறிந்த பை என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. டென்மார்க்கில் குப்பையை ஒழுங்காக அள்ளி எரிக்கிறார்கள், அங்கே மாடு தெருவில் மேய்வதில்லை. இங்கே மாட்டின் வயிறும் என் கடலைக் கொல்லையும் எந்தக் கணக்கில் வருவது?

அப்படியென்றாலும் அந்தக் கணக்கைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை. பருத்தி சும்மா வருவதில்லை, நிலம், நீர், உழைப்பு எல்லாம் சேர்ந்த பொருள் என்பது விவசாயிக்குத் தெரியாததா? இந்தியாவில் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் பிடி பருத்தி. அந்த நூலில் ஒரு பை செய்து, ஒரு நாள் கூட்டத்துக்குக் கொடுத்து, அது பரணில் கிடந்தால் அதுவும் விரயம்தான். 149 தடவை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு சந்தைக்கு எடுத்துப் போனால் ஒன்றரை வருஷத்தில் தாண்டிவிடலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் தங்கை கல்யாணத்து மஞ்சப் பை ஒன்று இருக்கிறது, மூலை இரண்டிலும் ஒட்டுப் போட்டது. அந்தத் தங்கைக்குப் பேரன் பிறந்துவிட்டான். அந்தப் பை டென்மார்க் கணக்கை எப்போதோ அடைத்திருக்கும்.

பொதட்டூர்பேட்டைத் தறி

இந்த வருஷக் கூட்டத்துக்கு முன்னால் செயற்குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். "உழ" என்று எழுதிய கிழிசலையும் மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் குழுவில் பள்ளிப்பட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர், தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். "ஏமி சார், எல்லாரும்தானே வாங்கினோம், நீங்க ஒத்தரா?" என்றார். இளையவர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார். "சார், பருத்தித் துண்டு 110 ரூபா, பை 55 ரூபா. 200 பேருக்கு 33,000. அந்தப் பணத்துல ரெண்டு ஊருக்கு விதை வாங்கிக் குடுத்துடலாம். துண்டு முக்கியமா?" நியாயமான கேள்வி. பணம் இல்லாத இயக்கத்தில் கொள்கை பேசுவது சுலபம், ரசீது கொடுப்பது கஷ்டம்.

பேசிப் பேசி இரண்டு முடிவு எடுத்தோம். பை கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுவர வேண்டும், அழைப்பிதழிலேயே போட்டுவிடுவது. துண்டு புது உறுப்பினருக்கு மட்டும் இயக்கம் தரும், மற்றவர்கள் வேண்டுமென்றால் அடக்க விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

துண்டுக்குக் கடைக்குப் போகவில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று நம்மைச் சுற்றி நெசவு ஊர்கள் இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் நகரி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நாம் ஏன் எங்கிருந்தோ வரும் கட்டுகளை வாங்க வேண்டும்? பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் போனோம். லுங்கிதான் ஓட்டுகிறார். "துண்டு ஓட்டலாம் சார், ஆனா ஒரு பாவு ஏத்தினா நூத்துக்கும் மேல வரும். பத்து, இருபதுன்னு கேட்டா கட்டுப்படியாகாது" என்றார். 120 துண்டு என்று பேசினோம்.

நிறத்தில் சிக்கல் வந்தது. நாங்கள் இயற்கைச் சாயத்தில் பச்சை கேட்டோம். அவர் சிரித்தார். "அவுரியில நீலம் ஏத்தி, அது மேல மஞ்சள் ஏத்தினாதான் பச்சை. நீங்க வெயில்ல நிக்கிறவங்க. ரெண்டு மாசத்துல மஞ்சள் போயிடும், நீலத் துண்டு போட்டுக்கிட்டு நிப்பீங்க." மஞ்சள் கிழங்குச் சாயம் வெயிலுக்கு நிற்காது என்பது உண்மைதான், கடுக்காய் போட்டாலும் ஓரளவுதான். கடைசியில் சாயம் ஏற்றாத வெள்ளைத் துண்டு, இரண்டு பக்கமும் விரற்கடை அகலம் மட்டும் பச்சைக் கரை என்று முடிவானது. கரைக்கு மட்டும் கடைச் சாய நூல். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கரையைப் பார்த்துவிட்டு ஒருவர், "எந்தக் கட்சி சார் இது?" என்று கேட்டார். நூலும் சாதாரண மில் நூல்தான். சென்னையில் துலா போன்ற அமைப்புகள் மானாவாரி நாட்டுப் பருத்தியில் நூற்று நெய்து துணி தருகின்றன. அடுத்த பாவுக்கு அந்த மாதிரி நூல் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம். விலை கூடும். பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தி போடும் நம் உறுப்பினர்கள் யாராவது கருங்கண்ணி வைத்திருந்தால் எழுதுங்கள். நீளம் குறைந்த பஞ்சுதான், ஆனால் துண்டுக்கு அது போதும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 120 துண்டுக்கு 13,200. கூட்டத்தில் உறுப்பினர்கள் விலைக்கு வாங்கியது 70. இயக்கத்தின் செலவு 50 துண்டுக்கு 5,500. மூன்று வருஷத்துக்கு முன் குப்பைக்குச் செலவழித்ததில் ஏறத்தாழ பாதி.

மலைப்படியில்

கூட்டத்தன்று காலையில், வெளியூரிலிருந்து வந்தவர்களை மலைக்கு அழைத்துப் போனேன். 365 படி. படியோரக் கடைகளில் மாலை, மணி, வளையல், கிளிப். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் மஞ்சள் உடுத்தி, கழுத்தில் மணிமாலை போட்டு வருவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அது துளசிமணி, இல்லையென்றால் உருத்திராட்சம். இப்போது கட்டுக்கட்டாகத் தொங்குவதில் பாதி பிளாஸ்டிக். கையில் எடுத்தால் தெரியும், மணிக்கு மணி அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, துளையோரம் ஒட்டுக் கோடு. கட்டை மணியில் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. நேர்த்தி முடிந்ததும் பிளாஸ்டிக் மாலை அறுந்து படியில் கொட்டும், மழை வந்தால் மணிகள் கீழே இறங்கும். துளசி நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. முற்றிய தண்டை நறுக்கிக் காயவைத்துக் கோத்தால் மாலை. வெட்டிவேர் போட்டிருப்பவர்கள் அதில் மாலை கட்டலாம், நனைந்தால் மணக்கும். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று யாரும் குழந்தைகளுக்குக் கோத்துவிடாதீர்கள், அது கடும் விஷம்.

வந்தவர்களில் ஒரு அம்மா பேத்திக்குக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கினார். கடைக்காரர் பிளாஸ்டிக் பையை நீட்டினார். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து, வளையலை முடிந்து, மறுபடி செருகிக்கொண்டார். பேச்சே இல்லை. நான் மூன்று வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த விஷயம்.

கூட்டத்துக்கு வந்த பைகளைப் பார்க்க வேண்டும் நீங்கள். சிமெண்டுச் சாக்கில் தைத்தது, பழைய ஜீன்ஸ் கால்சட்டையில் தைத்தது, பனையோலைக் கூடை, ஸ்கூல் பை. மஞ்சப் பை மட்டும் முப்பதுக்கு மேல். ஒன்றில் தெலுங்கில் பெயர் இருந்தது. வைத்திருந்தவரைக் கேட்டேன். "எங்க மாமா கல்யாணம் சார். மாமா இல்ல இப்போ" என்றார். விதைப் பங்கீட்டில் கிடைத்த கிச்சிலிச் சம்பா விதையை அதில்தான் போட்டுக்கொண்டு போனார். இருபது பேர் பை கொண்டுவரவில்லை, அழைப்பிதழைப் படிக்காதவர்கள். அவர்களுக்கு விதையைத் துண்டில் கட்டிக் கொடுத்தோம்.

அந்த முக்கால் ஏக்கரில் இந்தப் பட்டம் கடலை போடவில்லை, பச்சைப் பயிறு போட்டிருக்கிறேன். களை எடுக்க வருகிறவர்களிடம் கண்ணில் படும் பச்சைக் கிழிசலையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், கிணற்று மேட்டில் ஒரு வாளி வைத்திருக்கிறது. போன வாரம் நிறுத்துப் பார்த்தோம், 340 கிராம். நான் போட்ட பைகள் எத்தனை எடை இருக்கும் என்று பீரோவில் மீதியிருந்த ஒன்றைத் தராசில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். இன்னும் பாதிகூட வரவில்லை.